நகராத இரண்டு எண்கள்: தில்லியில் யார் கேட்டால் பணம் வருகிறது?

45 கிலோ யூரியா மூட்டையின் விலை 242 ரூபாய். வேப்பெண்ணெய்ப் பூச்சுக்கும் வரிக்கும் சேர்த்தால் 266 ரூபாய் 50 காசு. டன் கணக்கில் 5,360 ரூபாய். 2012-லிருந்து இந்த விலை நகரவில்லை.

இன்னொரு எண்ணும் இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழும், 60 முதல் 79 வயது வரையான முதியவருக்கு மத்திய அரசு மாதம் தரும் தொகை 200 ரூபாய். 2006-லிருந்து இதுவும் நகரவில்லை.

முதல் எண்ணை நகராமல் வைத்திருக்க அரசு ஆண்டுதோறும் மேலும் மேலும் பணம் போடுகிறது. இரண்டாவது எண்ணை நகராமல் விட்டதால், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், அரசுக்கு ஆண்டுதோறும் செலவு குறைகிறது. முதலாவதற்காகத் தில்லியில் அலுவலகம் வைத்து, ஆள் வைத்து, ஆண்டு முழுக்கப் பேசுகிறார்கள். இரண்டாவதற்கு அப்படி யாரும் இல்லை. லாபி, அதாவது தங்களுக்கு வேண்டியதை அரசிடம் கேட்டு வாங்கும் வேலை, அரசுச் செலவை என்ன செய்கிறது என்று கேட்டால் நான் இந்த இரண்டு எண்களைத்தான் காட்டுவேன்.

நான் வளர்ந்தது தில்லி ஆர்.கே.புரத்தில், அரசுக் குடியிருப்பில். அப்பா ஒரு அமைச்சகத்தில் அசிஸ்டென்டாகச் சேர்ந்து செக்ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். தமிழ்ச் சங்கத்துக்கு நடந்தே போய்விடலாம். எங்கள் பிளாக்கில் ஸ்டெனோ, அக்கவுன்டன்ட், பர்சனல் அசிஸ்டென்ட் என்று ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள். சாயங்காலம் புல்வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எந்த ஃபைல் எந்த மேசையில் நிற்கிறது என்பதுதான் பேச்சு. லாபி என்ற சொல்லை அந்தப் பேச்சில் நான் கேட்டதே இல்லை. அமைச்சகத்தில் அதற்குப் பெயர் ‘ரெப்ரசென்டேஷன்’. பெட்டியில் பணம் கைமாறுவதைத்தான் பலர் லாபி என்று நினைக்கிறார்கள். அது லஞ்சம், அதற்குச் சட்டம் இருக்கிறது. நான் சொல்ல வருவது சட்டப்படி, பகலில், லெட்டர்ஹெட்டில் நடக்கும் வேலையை.

ஒரு சங்கம் மனு அனுப்புகிறது. அதற்கு டயரி நம்பர், அதாவது வரவுப் பதிவேட்டு எண், விழுகிறது. செக்ஷனுக்கு வருகிறது. டீலிங் அசிஸ்டென்ட் நோட் எழுதி ‘புட் அப்’ செய்கிறார். அண்டர் செக்ரட்டரி, டைரக்டர், ஜாயின்ட் செக்ரட்டரி என்று மேலே ஏறுகிறது. எந்த நிலையிலும் யாரும் தவறு செய்யவில்லை. ஆனால் எந்த மனு ஏறும், எது அலமாரிக்குப் போகும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நல்ல மனு எப்படி இருக்கும் என்று அப்பா ஒருமுறை சொன்னார். பழைய உத்தரவின் எண்ணும் தேதியும் அதில் இருக்கும். எந்தப் பத்தியில் எந்த வரியை எப்படி மாற்ற வேண்டும் என்று வாசகமே எழுதியிருக்கும். மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று ஒரு அட்டவணை, அரசுக்கு எவ்வளவு செலவாகும் என்று ஒரு கணக்கு. இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்க்கும் செக்ஷனில் அந்த அட்டவணை அப்படியே நோட்டுக்குள் போய்விடும். அதன்பின் அது சங்கத்தின் கணக்கு இல்லை, அமைச்சகத்தின் கணக்கு.

மனு கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் உண்டு. கொடுத்த மனு எந்த மேசையில் இருக்கிறது என்று வாரம் ஒருமுறை வந்து பார்க்கிறவர்களும் உண்டு. தொழில் நடத்த எதற்கும் அரசு அனுமதி வேண்டியிருந்த லைசென்ஸ் காலத்தில் சென்னை, கோயம்புத்தூர்க் கம்பெனிகள் கனாட் பிளேஸ் பக்கம் சின்னதாக ஓர் ஆபீஸ் போட்டு, ‘லையசான் ஆபீசர்’ என்று ஒருவரை வைத்திருந்தன. அவர்களில் தமிழர்கள் நிறைய. உத்யோக் பவனில் எந்த மாடி, எந்த அறை, எந்த நேரத்தில் போனால் அதிகாரி ஓய்வாக இருப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். 1991-க்குப் பிறகு லைசென்ஸ் போனது; அந்த வேலை போகவில்லை. இறக்குமதி அனுமதி கேட்டவர்கள் மானியமும் வரிச்சலுகையும் கேட்க ஆரம்பித்தார்கள்.

இப்போது அதற்கென்று ஒரு பருவமே இருக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் நிதி அமைச்சகம் பட்ஜெட் சர்க்குலர் அனுப்பும். அதன்பின் செலவினச் செயலர் ஒவ்வொரு அமைச்சகத்தையும் கூப்பிட்டு அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு என்று பேசுவார். வரிகளில் என்ன மாற்றம் வேண்டும் என்று தொழில் அமைப்புகளிடம் வருவாய்த் துறை எழுத்து மூலமாகவே கேட்கும். குளிர் ஆரம்பித்ததும் நிதி அமைச்சரின் சந்திப்புகள் தொடங்கும். 1927-ல் தொடங்கிய ஃபிக்கி, அதற்கும் மூத்த அசோசாம், லோதி ரோட்டில் இருக்கும் சிஐஐ என்று தொழில் அமைப்புகள் எல்லாம் தடித்த மனுக்களோடு வரும். ஒவ்வொரு தொழிலுக்கும் தனிச் சங்கம் இருக்கிறது: சர்க்கரை ஆலைகளின் சங்கம் 1932-லிருந்து, உரத் தொழிலின் சங்கம் 1955-லிருந்து. இவர்களிடம் முழுநேர ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். சமூகத் துறையினரையும் தொழிற்சங்கங்களையும் அரசு கூப்பிடாமல் இல்லை. கூப்பிடுகிறது. 2022 நவம்பரில் 10 மத்தியத் தொழிற்சங்கங்கள் அந்தக் கூட்டத்தைப் புறக்கணித்தன. காணொலியில் நடக்கவிருந்த கூட்டத்தில் ஒரு சங்கத்துக்கு 3 நிமிடம் என்பது அவர்களுடைய ஆத்திரம்.

யூரியாவுக்கு வருகிறேன். இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது.

1977-ல் அரசு ஒரு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு உர ஆலைக்கும் அதன் உற்பத்திச் செலவைக் கணக்கிட்டு, போட்ட மூலதனத்தின் மீது 12 சதவீத ஆதாயமும் சேர்த்து, ஒரு விலையை நிர்ணயித்தார்கள். விவசாயி கொடுக்கும் விலைக்கும் இந்த விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை அரசு ஆலைக்குக் கொடுத்துவிடும். பசுமைப் புரட்சிக் காலத்தில் உரம் வேண்டியிருந்தது, ஆலைகள் வேண்டியிருந்தன, அதனால் இது நியாயமாகவே பட்டிருக்கும். ஆனால் செலவு அதிகமாகும் ஆலைக்கு அதிக மானியம் என்றால், செலவைக் குறைக்க யாருக்கு அக்கறை வரும்? இந்த ஆலைவாரி முறையை மாற்ற 2003 வரை ஆனது.

இடையில் 1991. அந்நியச் செலாவணி தீர்ந்து நாடே திணறிய நேரம். ஜூலை பட்ஜெட்டில் அப்போதைய நிதி அமைச்சர் மன்மோகன் சிங் உர விலையை 40 சதவீதம் உயர்த்தினார். எதிர்க்கட்சிகள் மட்டுமல்ல, அவருடைய கட்சிக்குள்ளேயே கொந்தளிப்பு. இரண்டே வாரத்தில் உயர்வு 30 சதவீதமாக இறங்கியது; சிறு, குறு விவசாயிகளுக்கு அதுவும் வேண்டாம் என்றானது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பாஸ்பேட், பொட்டாஷ் உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். யூரியாவைத் தொடவில்லை, அதன் விலையை 10 சதவீதம் குறைத்தார்கள். 2010-ல் ஊட்டச்சத்து அடிப்படையில் மானியம் என்ற புதிய முறை வந்தபோதும் யூரியா வெளியே நின்றது. மண்ணுக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 4:2:1 விகிதத்தில் வேண்டும் என்று ஊர் வேளாண் அலுவலகச் சுவரிலேயே எழுதியிருப்பார்கள். யூரியா மட்டும் இவ்வளவு மலிவாக இருக்கும்போது எந்த விவசாயி அந்த விகிதத்தைப் பார்ப்பார்?

ஒரு மூட்டை யூரியாவின் உண்மையான செலவு சுமார் 2,200 ரூபாய் என்று 2023-ல் அரசே சொன்னது. விவசாயி கொடுப்பது 242. மிச்சம் நம் எல்லோருடைய வரிப்பணம். அந்தப் பணம் விவசாயியின் வங்கிக் கணக்குக்கு வருவதில்லை. கடையில் விரல்ரேகை வைத்து மூட்டை விற்றதும் உரக் கம்பெனிக்குப் போகிறது. உக்ரைன் போரால் எரிவாயு விலை எகிறிய 2022-23-ல் மொத்த உர மானியம் சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய். 2025-26 பட்ஜெட்டில் சுமார் 1.68 லட்சம் கோடி.

இதில் வில்லனைத் தேடிப் பிரயோஜனம் இல்லை. விவசாயிக்கு மலிவு உரம் வேண்டும், ஆலைக்கு நிச்சயமான வருமானம் வேண்டும், எம்.பி.க்குத் தொகுதியில் தலைகாட்ட வேண்டும். மூவரும் ஒரே பக்கம் இழுக்கிறார்கள். நம்மூர்க் கதையும் இதில் உண்டு. கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் நாப்தாவில் ஓடிக்கொண்டிருந்த கடைசி மூன்று யூரியா ஆலைகளில் இரண்டு தமிழ்நாட்டில்: தூத்துக்குடி ஸ்பிக், மணலி மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ். நாப்தா எரிவாயுவைவிட விலை அதிகம். எரிவாயுவுக்கு மாறுங்கள் என்று வைத்த காலக்கெடு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. குழாயே வராத ஊரில் எரிவாயுவுக்கு எப்படி மாறுவது என்ற கேள்வி நியாயமானதுதான். 2014 கடைசியில் உற்பத்தி நின்றபோது தமிழ்நாட்டு அரசும் தில்லிக்குக் கடிதம் எழுதியது. அந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களை நினைத்தால் அந்தக் கடிதத்தைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் மானியக் கணக்கில் அதுவும் ஒரு வரிதான்.

லாபியின் பெரிய வெற்றி புதிதாக ஒரு திட்டத்தை வாங்குவதில் இல்லை என்பது என் எண்ணம். பட்ஜெட்டில் ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு வரியை யாரும் அடித்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வெற்றி. செய்தித்தாளில் வராது. பட்ஜெட் உரையிலும் வராது. எதுவும் நடக்காததுபோலவே இருக்கும்.

சர்க்கரையில் வேகம் அதிகம். 2017-18 பருவத்தில் உற்பத்தி 320 லட்சம் டன்னைத் தாண்டியது, விலை சரிந்தது, கரும்பு விவசாயிகளுக்கு ஆலைகள் வைத்த பாக்கி 22,000 கோடிக்கு மேல் போனது. மே கடைசியில் உத்தரப் பிரதேசத்தின் கரும்பு மண்ணான கைரானாவில் இடைத்தேர்தல். ஆளும் பாஜக தோற்றது. ஜூன் 6-ஆம் தேதி மத்திய அமைச்சரவை பல ஆயிரம் கோடி ரூபாய் தொகுப்பை அறிவித்தது. 30 லட்சம் டன் சர்க்கரையைக் கையிருப்பாக வைத்துக்கொள்ள ஆலைகளுக்குப் பணம், எத்தனால் ஆலை கட்டும் கடனுக்கு வட்டிச் சலுகை, கிலோ 29 ரூபாய்க்குக் கீழே ஆலை விற்கக் கூடாது என்ற விதி. பாக்கி விவசாயியுடையது, பணம் போன வழி ஆலை. அந்தப் பணத்தில் விவசாயியின் பாக்கியும் தீர்ந்தது என்பது உண்மை. அதனால்தான் இந்த லாபி இவ்வளவு பலமானது: விவசாயியின் கண்ணீர் ஆலையின் மனுவோடு பின் பண்ணியே வருகிறது.

செலவுக் கணக்கிலேயே வராத செலவு ஒன்று இருக்கிறது. ஒரு தொழிலுக்கு 100 கோடி கொடுத்தால் பட்ஜெட்டில் ஒரு வரி எழுத வேண்டும், எம்.பி. ஒருவர் கேள்வி கேட்கலாம். அதே தொழிலிடம் வர வேண்டிய வரியில் 100 கோடியை விட்டுக்கொடுத்தால் கஜானாவுக்கு அதே இழப்புதான், ஆனால் செலவுக்கு ஒப்புதல் கேட்டு அமைச்சகங்கள் நாடாளுமன்றத்தில் வைக்கும் எந்த மானியக் கோரிக்கையிலும் வராது. 2006-07 பட்ஜெட்டோடுதான் இப்படி விட்டுக்கொடுத்த வரியைத் தனி அறிக்கையாக வெளியிட ஆரம்பித்தார்கள். 2019 செப்டம்பர் 20 அன்று நிர்மலா சீதாராமன் கம்பெனிகளின் வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தார். ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அவரே சொன்னார். பட்ஜெட் நிறைவேறி இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை; அவசரச் சட்டத்தால் வந்தது. முதலீடு பெருகும் என்பது காரணம். அது சரியா தவறா என்று பொருளாதார நிபுணர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அவ்வளவு பெரிய தொகை முதியோர் பென்ஷனுக்கு இப்படி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கிடைக்குமா என்பதுதான் என் கேள்வி.

கோயம்புத்தூர்க்காரர்கள் கோபிக்கக் கூடாது. பருத்தியையும் சொல்ல வேண்டும். 2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பருத்திக்கு 11 சதவீத வரி வந்தது. பஞ்சு விலை ஏறியதும் நூற்பாலைகளும் திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர்களும் தில்லிக்கு நடையாய் நடந்தார்கள். 2022 ஏப்ரலில் சில மாதங்களுக்கு வரி விலக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில், அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீது வரியைக் கூட்டியபோது, மறுபடியும் விலக்கு. முதலில் செப்டம்பர் வரை, பிறகு டிசம்பர் வரை. லட்சக்கணக்கான தொழிலாளிகளின் வேலை இதில் இருக்கிறது. ஆனால் மகாராஷ்டிராவிலும் தெலங்கானாவிலும் பருத்தி போட்ட விவசாயிக்கு அந்த அறுவடை நேரத்தில் விலை இறங்குவது நஷ்டம். அவரும் மனு எழுதியிருப்பார். எந்த மனு அந்த மேசைக்கு முதலில் வந்தது என்று யாருக்குத் தெரியும்? வெளியிடுவதில்லையே.

எங்கள் குடியிருப்பையும் விட்டுவிட முடியாது. எனக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டிய சம்பளம் நாட்டிலேயே நன்றாக அமைப்பாகிய ஒரு கூட்டத்தின் சம்பளம். மத்திய அரசு ஊழியர்களுக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி, அதாவது டி.ஏ. யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. விலைவாசிக் குறியீடு ஏறினால் டி.ஏ. ஏறும். 1966-லிருந்து அரசும் ஊழியர் தரப்பும் உட்கார்ந்து பேச நிரந்தரமான ஓர் ஏற்பாடு இருக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை ஊதியக் குழு. ஏழாவது குழுவின் பரிந்துரைகளுக்கு முதல் ஆண்டில் மட்டும் சுமார் 1.02 லட்சம் கோடி ரூபாய் என்று கணக்கு. டி.ஏ. அறிவிப்பு வந்த நாளில் எங்கள் பிளாக்கில் அல்வா கிண்டிய வீடுகள் உண்டு. அப்பாவின் உழைப்புக்கு அது நியாயமான கூலி என்று இன்றும் நம்புகிறேன். எம்.பி.க்களும் 2018-ல் தங்கள் சம்பளத்தை விலைவாசியோடு கட்டிவிட்டார்கள்: ஐந்தாண்டுக்கு ஒருமுறை தானாக ஏறும். 2025 மார்ச்சில் மாதம் 1 லட்சம் 1.24 லட்சமானது. விலைவாசி ஏறினால் தொகை ஏற வேண்டும் என்ற தத்துவம் அரசுக்குத் தெரியாததில்லை. அந்த 200 ரூபாய்க்கு மட்டும் அந்தத் தத்துவம் எட்டவில்லை.

2017 மார்ச் 14. அய்யாக்கண்ணு தலைமையில் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிகள் ஜந்தர் மந்தரில் வந்து உட்கார்ந்தார்கள். நூற்றாண்டு காணாத வறட்சி. மண்டையோடுகளை மாலையாகப் போட்டு, எலியைக் கவ்வி, சாலையில் சோறு கொட்டித் தின்று, 41 நாள். தில்லித் தமிழர்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோனோம். நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை புளியோதரை கட்டிக் கொண்டுபோனேன். ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “தம்பி, நாங்க சொல்றது அந்தப் பெரிய கட்டடத்துக்குள்ள கேக்குமா?” அப்போது நிதி அமைச்சகம் இருந்த நார்த் பிளாக் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். அதே ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி, புதிதாக ஆட்சிக்கு வந்த உத்தரப் பிரதேச அரசு 36,359 கோடி ரூபாய் விவசாயக் கடனைத் தள்ளுபடி செய்தது. அது அந்த மாநிலத்தின் பணம், அந்த மாநிலத்தின் தேர்தல் வாக்குறுதி; மத்திய அரசு தமிழ்நாட்டுக்குச் சொன்னதும் அதைத்தான், தள்ளுபடி மாநிலத்தின் பொறுப்பு என்று. சட்டப்படி அந்தப் பதிலில் தவறில்லை. ஆனால் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தது, ஓட்டு தேவைப்பட்ட இடத்தில் பணம் வந்ததை.

தெருவில் உட்காருவதே வீண் என்று நான் சொல்லவில்லை. அதே ஜந்தர் மந்தரில் 2015-ல் உட்கார்ந்த முன்னாள் படைவீரர்கள் மூன்றே மாதத்தில் ‘ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன்’ அறிவிப்பை வாங்கினார்கள். அவர்களிடம் கணக்குத் தெரிந்த முன்னாள் ஜெனரல்கள் இருந்தார்கள், தொலைக்காட்சியில் பேச ஆங்கிலம் இருந்தது, ராணுவம் என்றால் நாட்டுக்கு இருக்கும் மரியாதை இருந்தது. எங்கள் டெல்டாக்காரர்களிடம் மண்டையோடு இருந்தது.

இதையெல்லாம் தட்டிக்கேட்க நாடாளுமன்றம் இருக்கிறதே என்று தோன்றும். ஒவ்வொரு அமைச்சகத்தின் செலவையும் மக்களவை விவாதித்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அரசியல் சட்ட முறை. நடப்பில் இரண்டு, மூன்று அமைச்சகங்களை விவாதிப்பார்கள். மிச்சத்தைக் குறிப்பிட்ட நாளில் ஒரேயடியாக ஓட்டுக்கு விடுவார்கள். கில்லட்டின் என்று பெயர். 2018-ல் எல்லாமே அப்படிப் போயின. 2023 மார்ச் 23 அன்று சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட் அமளிக்கு நடுவே விவாதமே இல்லாமல் நிறைவேறியது. கிராம வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 200 ரூபாயை உயர்த்துங்கள் என்று பலமுறை எழுதியிருக்கிறது. நிலைக்குழு சொல்வதை அரசு கேட்டே ஆக வேண்டும் என்று விதி கிடையாது.

கட்சி நிதியைப் பேசாமல் இதை முடிக்க முடியாது. ஒரு கம்பெனி தன் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குத் தரக் கூடாது என்று இருந்த வரம்பை 2017 நிதிச் சட்டம் எடுத்தது. 2018 ஜனவரியில் தேர்தல் பத்திரத் திட்டம் வந்தது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று மக்களுக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் இரண்டையும் செல்லாது என்றார்கள். மார்ச்சில் பெயர்கள் வெளியே வந்தபோது முதலிடத்தில் இருந்தது கோயம்புத்தூரின் லாட்டரி நிறுவனம் ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி. அடுத்தது அணை, நீரேற்றம், சுரங்கப்பாதை என்று அரசுப் பணிகளை எடுத்துச் செய்யும் மேகா இன்ஜினியரிங், 966 கோடி. பத்திரத்துக்குக் கைமாறாக ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. சிறப்புப் புலனாய்வுக் குழு வேண்டும் என்ற மனுக்களை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. ஆனாலும் அரசுப் பணத்தில் வேலை செய்கிறவர் ஆளும் கட்சிகளுக்கு எவ்வளவு கொடுத்தார் என்று வரி கட்டுகிறவருக்குத் தெரியக் கூடாது என்று ஆறு ஆண்டுகள் ஒரு சட்டம் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நான் மறக்கத் தயாராக இல்லை.

லாபியைத் தடை செய்யுங்கள் என்று கேட்பவன் நான் இல்லை. நூற்பாலைக்காரரோ ஆசிரியரோ படைவீரரோ தன் குறையை அரசிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கோப்புக்கு வெளியே என்ன நடக்கிறது என்றே அதிகாரிக்குத் தெரியாது. நான் கேட்பது அது எழுத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும் என்பதை. 2012 டிசம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வால்மார்ட் அமெரிக்க செனட்டில் தாக்கல் செய்த கணக்கில், 2008-லிருந்து லாபிக்குச் செலவழித்த சுமார் 2.5 கோடி டாலரில் இந்தியச் சந்தைக்குள் நுழைவதும் ஒரு விஷயமாக இருந்தது. நம் நாடாளுமன்றம் கொதித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி முகுல் முட்கல் தலைமையில் விசாரணை வந்தது. முடிவாக எதுவும் நிரூபணமாகவில்லை. நம்மைப் பற்றிய லாபி அமெரிக்கச் சட்டத்தால்தான் நமக்குத் தெரிந்தது. இங்கே பதிவேடே இல்லை. 2013-ல் ஒடிசா எம்.பி. காளிகேஷ் நாராயண் சிங் தேவ், லாபி நடவடிக்கைகளை வெளிப்படையாக்கும் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

சிலி நாட்டில் 2014-லிருந்து அதிகாரிகளும் அமைச்சர்களும் யாரைச் சந்தித்தார்கள், எதைப் பற்றிப் பேசினார்கள் என்று இணையத்தில் போட வேண்டும். அயர்லாந்தில் 2015 சட்டப்படி லாபி செய்கிறவர்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்க வேண்டும். இங்கே அவ்வளவுகூட முதலில் வேண்டாம். பட்ஜெட்டுக்கு முன் அமைச்சகங்களுக்கு வரும் மனுக்களை அப்படியே இணையத்தில் ஏற்றினால் போதும். யார் எதைக் கேட்டார், பிப்ரவரி 1-ஆம் தேதி அவருக்கு என்ன கிடைத்தது என்று ஊர்ப் பத்திரிகைக்காரர்கூட ஒப்பிட்டுவிடலாம்.

200 ரூபாய்க்காகக் கேட்டவர்கள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 2017 டிசம்பரில் 60 பொருளாதார அறிஞர்கள் அப்போதைய நிதி அமைச்சர் அருண் ஜேட்லிக்குக் கடிதம் எழுதினார்கள்: குறைந்தது 500 ஆக்குங்கள் என்று. 2022 டிசம்பரில் 51 பேர் நிர்மலா சீதாராமனுக்கு மறுபடி எழுதினார்கள். நல்ல மனு, கணக்கும் இருந்தது. ஆனால் கையெழுத்துப் போட்டவர்கள் யாருக்கும் அந்த 200 ரூபாய் வாழ்க்கை இல்லை. மாதம் ஒருமுறை போய் ‘என் ஃபைல் எங்கே’ என்று கேட்க அவர்களுக்கு ஆளும் இல்லை. முதியோர், கைம்பெண், மாற்றுத்திறனாளி ஓய்வூதியங்கள் எல்லாம் சேர்ந்த தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு 2025-26-ல் 9,652 கோடி. சுமார் மூன்று கோடிப் பேருக்கு. உர மானியம் அதைப்போல் பதினேழு மடங்கு. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் வருகிறதே என்று கேட்கலாம். அதில் மத்திய அரசின் பங்கு அதே 200. மீதி மாநிலம் போடுவது. ஏழை மாநிலங்களில் மாநிலத்தின் பங்கும் சின்னது.

எங்கள் வீட்டில் பதினைந்து ஆண்டு பாத்திரம் தேய்த்த பாட்டி விழுப்புரத்துக்காரர். இருந்தது ஜங்புராவில், பாராபுல்லா நாலா ஓரத்து மதராசி கேம்ப்பில். 2025 ஜூன் 1 அன்று நீதிமன்ற உத்தரவுப்படி அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்கு மட்டும் நரேலாவில் ஃபிளாட்டுக்குத் தகுதி என்றார்கள். நரேலா நகரத்தின் வடக்கு எல்லை. ஜங்புராவில் வீட்டு வேலை செய்கிறவருக்கு அங்கிருந்து வேலைக்கு வருவதென்றால் பாதி நாள் பஸ்ஸில். பாட்டி ஊருக்கே போய்விட்டார். பென்ஷனைத் தமிழ்நாட்டுக்கு மாற்ற அவருக்காக ஃபாரம் எழுதியபோது, எந்த அரசு எவ்வளவு தருகிறது என்று சொன்னேன். “தில்லிக்காரன் இருநூறா?” என்றார். அவருக்கு மத்திய அரசு என்றால் தில்லி. தான் இத்தனை ஆண்டு பாத்திரம் தேய்த்த ஊர்.

அந்த வாரமே அப்பாவோடு உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 2006-ன் 200 ரூபாயைத் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டோடு கட்டினால் இன்று எவ்வளவு வரும் என்று ஓர் அட்டவணை. மாற்ற வேண்டிய வாசகம். டி.ஏ.வுக்கு உள்ளதுபோல ஜனவரி, ஜூலை. உரிய அமைச்சகத்துக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினோம், சேர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. ஒரு வாரம் கழித்து அப்பா கேட்டார், “டயரி நம்பர் வாங்கினியா?” வாங்கவில்லை. திங்கட்கிழமை நேரில் போகிறேன்.